தீபத்தன்று கொடுத்த தேதி

நம் மருத்துவமனை நர்ஸ்களான உங்களில் இரண்டு பேர் ஆன்லைனில் டாக்டரேட் படிக்கச் சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். அதில் ஒரு பெண் போன மாதம் என்னைப் பார்த்தபோது தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மேடம், நீங்களும் சேர்ந்தீங்களாமே, ஏன் முடிக்கல?" அவள் கேட்டதில் தப்பில்லை. நான்தான் ஏதோ சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்கே அது சரியாகப் படவில்லை. ஓய்வு பெற்றவளுக்குப் பொழுதுக்கா பஞ்சம், எழுதியே அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றவர்கள் உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லியிருப்பார்கள். கார்த்திகை தீபத்தன்று ஒரு நோயாளியின் உயிரைக் காப்பாற்றுவதற்காக மேடம் டாக்டர் பட்டத்தையே உதறிவிட்டு ஓடினார் என்று. கதை நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கும் ரொம்ப நாள் பிடித்திருந்தது. அதை நம்பிக்கொண்டு நீங்களும் ஓடிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் படிக்கச் சேர்ந்ததற்குக் காரணம் கீழ்பென்னாத்தூர் பஸ். காலையில் அந்தப் பஸ்ஸில் திருவண்ணாமலைக்கு வந்து இறங்குகிறவர்களில் பாதிப் பேர் நம் மருத்துவமனைக்குத்தான் வருவார்கள். சுகர், பிரஷர். டோக்கன் வாங்கிக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே போனால் டாக்டர் சீட்டைப் பார்த்து, அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி அனுப்பிவிடுவார். அதற்காக ஒரு நாள் களையெடுப்பு போய்விடும், கடலை பறிப்பு போய்விடும். அப்புறம் அவர்கள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். அடுத்த தடவை வரும்போது கால் புண்ணோடு வருவார்கள். இதை வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. கீழ்பென்னாத்தூரிலேயே ஒரு அறை போட்டு, ஒரு நர்ஸ் உட்கார்ந்து சுகர் பார்த்து, காலைப் பார்த்து, மருந்து சரியாகப் போகிறதா என்று கவனித்தால் போதும், டாக்டர் வாரத்துக்கு ஒரு நாள் வந்தால் போதும் என்று எங்கள் பெரிய டாக்டரிடம் சொன்னேன். மருத்துவமனையே அவருடையதுதான். மனுஷர் சிரித்தார். நர்ஸ் உட்கார்ந்திருக்கிற அறைக்கு எவன் வருவான், உன் பேருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தால் போர்டு மாட்டலாம் என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். நான் அதை நிஜமாக எடுத்துக்கொண்டேன்.

மேம்பட்ட செவிலியப் பணி என்று அந்தப் படிப்புக்குப் பெயர். நோயாளியின் பக்கத்தில் இருக்கிற நர்ஸ், தனக்குத் தெரிந்த எல்லைக்குள் தானே பார்த்து, தானே முடிவெடுப்பதைப் பற்றிய படிப்பு. அயல்நாட்டுப் பல்கலைக்கழகம், எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகத்தான். ஐம்பதைத் தொட்ட வயதில் சேர்ந்தேன். நான் சேர்ந்துவிட்டதைப் பார்த்து பெரிய டாக்டரும் கொஞ்சம் இறங்கிவந்து, பட்டத்தோடு வா, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அந்த அறைக்கு யாரை நர்ஸாக வைப்பது என்பதையும் நான் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். தேவிகாவை.

தேவிகாவை உங்களுக்குத் தெரியும், இப்போது உங்கள் வார்டு இன்சார்ஜ். அப்போது வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கீழ்பென்னாத்தூர் பக்கம் கடலை போடுகிற குடும்பம். அதிகம் பேசமாட்டாள், கை மட்டும் சுத்தமாக வேலை செய்யும். என் ஆய்வே அவளைப் போன்ற நர்ஸ்களைப் பற்றித்தான். டாக்டர் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எதையெதைத் தாமாகச் செய்யலாம் என்று விதிமுறை எழுதி, பெரிய டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கி, அவளுக்கும் மற்றவர்களுக்கும் பயிற்சி கொடுத்தேன். சுகர் இறங்கி நினைவு தப்பியவருக்குக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றலாம் என்பதும் அதில் இருந்தது.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் அந்த நாட்டில் வெகுகாலம் நர்ஸாக இருந்த ஓர் அம்மாள். திரையில் பார்த்ததோடு சரி, நேரில் பார்த்ததே இல்லை. பாராட்டே அவர் வாயிலிருந்து வராது. நான் எழுதி அனுப்புவதையெல்லாம் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார். அந்த ஒன்றில் நான் இரண்டு நாள் தூங்கமாட்டேன்.

கடைசியில் வாய்மொழித் தேர்வுக்குத் தேதி கேட்டார்கள். குழுவின் முன்னால் ஆய்வைச் சொல்லி, அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிவிட்டால் பட்டம். அவர்கள் கொடுத்த தேதியைப் பார்த்தேன், சரி என்று எழுதிப் போட்டேன். வேங்கிக்காலில் எங்கள் வீடு. என் கணவர் அப்போது கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்தார். ராத்திரி சாப்பிடும்போது சொன்னேன். சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் புரட்டிப் பார்த்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, அன்னிக்குத் தீபமாச்சே."

திருவண்ணாமலையில் பிறந்து, திருவண்ணாமலையிலேயே வாழ்க்கைப்பட்ட ஒருத்தி தீபம் என்றைக்கு என்று பார்க்காமல் தேதி கொடுத்துவிட்டாள் என்பதை என் நாத்தனார் வீட்டில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். படிப்பு, டெர்ம் என்று அந்த நாட்டுத் தேதிகளிலேயே கிடந்து எனக்கு நம் ஊர் நாள்கிழமையே மறந்துபோயிருந்தது. தேதியை மாற்றச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒரு தடவை ஒப்புக்கொண்டுவிட்டு மாற்றச் சொன்னால் இவள் பொறுப்பில்லாதவள் என்று நினைப்பார்களோ என்று கூச்சம். கேட்கவில்லை.

தீபத்தன்று நம் மருத்துவமனையில் யாருக்கும் லீவு கிடையாது, உங்களுக்குத் தெரியாததில்லை. கிரிவலப் பாதையில் நாம் போடுகிற முதலுதவிப் பந்தலை எப்போதும் நான்தான் பார்த்துக்கொள்வேன். அந்த வருஷம் தேவிகாவும் மற்றவர்களும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் போய்த் தேர்வை முடித்துவிட்டு வாருங்கள் என்றார்கள். அவர்களிடம் நான் பெருமையாக, அங்கே பேசப்போவதே உங்களைப் பற்றித்தான், நீங்களாகவே முடிவெடுத்துச் செய்கிறீர்கள் என்றுதான் சொல்லப்போகிறேன் என்றேன்.

தீபத்தன்று ஊரில் போன் சரியாக எடுக்காது, நெட் எடுக்காது. எத்தனை லட்சம் பேர் கையில் போனோடு வந்து நிற்கிறார்கள். அதனால் செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட்ஹவுஸில் முதல் நாளே போய்த் தங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கி வேலை பார்க்கிற இடம், தனிக் கேபிள் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே அவர்களுக்கு விடிகிற நேரம், இங்கே எனக்குச் சாயங்காலம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். வெளியே ரோடு முழுக்கத் தலைகள், ஜன்னலைச் சாத்தியும் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது.

நன்றாகத்தான் போனது. எடுத்த எடுப்பில் குரல் நடுங்கியது, பிறகு சரியாகிவிட்டது. கேள்விகள் வந்தன, சொன்னேன். குழுவில் இருந்த ஒருவர் கடைசியாக ஒன்று கேட்டார். விதிமுறை எழுதியிருக்கிறீர்கள், பயிற்சி கொடுத்திருக்கிறீர்கள், நெருக்கடியில் உங்கள் நர்ஸ்கள் உங்களிடம் வந்து நிற்காமல் தாங்களாகவே செய்வார்கள் என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்றார்.

அப்போது மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த என் போன் அதிர்ந்தது. ஏற்கனவே இரண்டு தடவை அதிர்ந்து நின்றிருந்தது. திருப்பிப் பார்த்தேன், தேவிகா. சும்மா கூப்பிடுகிறவள் இல்லை அவள். மன்னிக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன். கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் படபடவென்று விட்டு விட்டு வந்தது.

"மேடம், ஒருத்தர் மயங்கி விழுந்துட்டாரு. இன்சுலின் போட்டுக்கினு விரதம் இருந்திருக்காரு. சுகர் ரொம்ப கம்மி மேடம். டாக்டர் கூட்டத்துல மாட்டிக்கினாரு, வரல. நான் குளுக்கோஸ்..."

லைன் அறுந்தது. திரும்ப அடித்தேன், போகவில்லை. மறுபடியும் அடித்தேன், போகவில்லை. திரையில் குழுவினர் என் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து, அவசரம், நோயாளி, என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். கம்ப்யூட்டரை மூடவில்லை. அவர்கள் என் காலி நாற்காலியைப் பார்த்தபடி ரொம்ப நேரம் இருந்தார்களாம், கெஸ்ட்ஹவுஸ்காரர் பிறகு சொன்னார்.

மற்ற நாளில் அந்தப் பந்தலுக்குச் சீக்கிரம் நடந்து போய்விடலாம். ஆனால் அது ஊர்ப்பக்கம் இருந்தது. அத்தனை ஜனமும் ஊரிலிருந்து வருகிறது, நான் ஒருத்தி மட்டும் எதிரே போகிறேன். கிரிவலத்துக்கு எதிர்த்திசையில் யாராவது போவார்களா? எதிர்ல வராதீங்கம்மா என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ஒரு பெரியவர் என் தோளைப் பிடித்து மெதுவாகத் திருப்பியே விட்டார், வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். செருப்பு எங்கேயோ கழன்று போயிற்று. அந்த நேரம் பார்த்து உச்சியில் தீபம் ஏறியது. அரோகரா என்ற சத்தத்தில் ரோடே நின்றுவிட்டது. எல்லாக் கையும் தலைக்குமேல் போனது, எல்லாரும் மலையைப் பார்த்தார்கள். கூப்பிய கைகளுக்கு நடுவில் நகர முடியாமல் நான் மாட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து தீபத்தைப் பார்க்காத ஒரே வருஷம் அது. தலையை நிமிர்த்தவே தோன்றவில்லை.

பந்தலை அடைந்தபோது அந்த மனிதர் உட்கார்ந்திருந்தார். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்தவர். கையில் டிரிப்ஸ் இறங்கிக்கொண்டிருந்தது, இன்னொரு கையில் பிஸ்கட். தீபம் பார்த்தாச்சு, மீதியையும் நடந்து முடித்துவிடுகிறேன் என்று அடம் பிடித்துக்கொண்டிருந்தார். தேவிகா அவரைத் தோளில் அழுத்தி உட்கார வைத்துக்கொண்டிருந்தாள்.

"உக்காருங்கண்ணா. மலை எங்கயும் போவாது."

என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. நான் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் நாடியைப் பார்த்தேன், சுகரை மறுபடி பார்த்தேன், டிரிப்ஸ் வேகத்தைப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. செய்வதற்கு எனக்கு ஒன்றுமே இல்லை. நல்லவேளை லைன் அறுந்த பிறகும் தைரியமாகப் போட்டாய் என்று அவளிடம் சொன்னேன். ஆமா மேடம் என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

இரண்டு நாள் கழித்து என் வழிகாட்டி அம்மாளிடமிருந்து மெயில் வந்தது. நோயாளி நலமா என்று விசாரித்திருந்தார். அடுத்த டெர்மில் பதிவு செய்துகொண்டால் குழு மறுபடி கூடும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்றும் எழுதியிருந்தார். கடைசியில் வழக்கம்போல ஒரு கேள்வி. அப்போது நோயாளியின் பக்கத்தில் யார் இருந்தார்கள்? நான் பயிற்சி கொடுத்த நர்ஸ் இருந்தாள் என்று பதில் எழுதினேன். அப்படியானால் நீங்கள் எதற்குப் போனீர்கள் என்று கேட்டிருந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தீபக் கூட்டத்தைப் பற்றி இந்த அம்மாளுக்கு என்ன தெரியும், போன் அறுந்துபோனால் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று இவருக்கு யார் சொல்வது என்று கணவரிடம் கத்தினேன். பதில் போடவில்லை. அப்புறம் போடலாம் என்று வைத்தேன்.

அதற்குள் இங்கே என்னைத் தூக்கி வைத்துக்கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். பெரிய டாக்டர் மீட்டிங் போட்டுச் சால்வை போர்த்தினார். படிப்பு பெரிசில்லை, உயிர்தான் பெரிசு என்று காட்டியவர் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மைக்கை வாங்கி, நான் போவதற்கு முன்பே தேவிகா எல்லாவற்றையும் செய்து முடித்திருந்தாள், நான் ஒன்றும் செய்யவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? அதற்கும் கை தட்டினார்கள். எவ்வளவு அடக்கம் பாருங்கள் என்றார் பெரிய டாக்டர். உண்மையைச் சொல்லியும் தப்பிக்க முடியவில்லை. உறவுக்காரர்கள் அண்ணாமலையாரே உன்னை அனுப்பினார் என்றார்கள். கடைத்தெருவில் ஒரு பெண் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சொல்லச் சொல்ல எனக்கும் அது ருசித்தது. பட்டம் வாங்கியிருந்தால் இவ்வளவு கிடைத்திருக்குமா என்றுகூட ஒரு நாள் நினைத்தேன்.

அடுத்த டெர்ம் வந்தது. மாமியாருக்கு உடம்பு சரியில்லை, இந்தத் தடவை வேண்டாம் என்று விட்டேன். அதற்கடுத்த டெர்மில் மருத்துவமனையில் புதுக் கட்டடம் திறந்தார்கள், வேலை ஜாஸ்தி. அப்புறம் எனக்கே திரும்பப் போய் அந்தக் குழுவின் முன்னால் உட்காரப் பயம் வந்துவிட்டது. படித்ததெல்லாம் மறந்திருக்குமோ என்ற பயம். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை என்பதுதான் இதில் கொடுமை. சோம்பேறித்தனத்தால் நான் விட்டிருந்தால் என் கணவரே சும்மா விட்டிருக்கமாட்டார், பெரிய டாக்டர் வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்திருப்பார், ரோஷத்திலாவது போய் முடித்திருப்பேன். நல்ல காரியத்துக்காக விட்டவளைப் பிடித்து யார் கேட்பார்கள்? கேட்ட ஒரே ஆள் அந்த அம்மாள், அவருக்கும் நான் பதில் போடவில்லை. படிப்பை முடிக்கக் கொடுத்திருந்த காலம் முடிந்துவிட்டது என்று ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து தகவல் வந்தது. அன்று சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கீழ்பென்னாத்தூர் அறை வரவே இல்லை. பட்டத்தோடு வா என்றுதானே சொல்லியிருந்தார், நான் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? பார்த்து வைத்திருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை இருக்கிறது. காலையில் அந்தப் பஸ் இன்னும் வருகிறது, அதே ஜனம் இறங்கி அதே மாதிரி டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. வேலையில் இருந்த கடைசி நாள் வரை, புண் முற்றிய கால் ஒன்றைக் கழுவும்போதெல்லாம் அந்த அறையை நினைத்துக்கொள்வேன். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டிய தேவிகாவோ இங்கே வார்டில் ஒவ்வொன்றுக்கும் டாக்டர் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருப்பாள். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

நான் ஓய்வு பெற்ற அன்று விழா நடத்தினார்கள். உங்களில் சிலரும் இருந்தீர்கள். எல்லாரும் தீபக் கதையையே மறுபடி சொன்னார்கள். என் முறை வந்தபோது, எப்படியாவது தேவிகாவைப் பெருமைப்படுத்திவிட வேண்டும் என்று, அந்த நெருக்கடியிலும் முதலில் மேடத்தைக் கேட்க வேண்டும் என்று நினைத்தவள் இவள், இந்த மாதிரிப் பொறுப்பான பெண் கிடைக்கமாட்டாள் என்று பேசினேன். கை தட்டினார்கள். தேவிகா தட்டவில்லை.

விழா முடிந்து மாலைகளையும் பரிசுப் பொருள்களையும் ஆட்டோவில் ஏற்ற அவள்தான் வந்தாள். எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்த பிறகும் போகாமல் நின்றாள்.

"மேடம், ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க."

சொல் என்றேன்.

"அன்னிக்கு நான் உங்களைக் கேக்கறதுக்குக் கூப்பிடல. போட்டு முடிச்சிட்டுத்தான் கூப்பிட்டேன். அவரு கண்ணத் தொறந்துட்டாரு மேடம். டாக்டர் இல்ல, யாரையும் கேக்கல, நானே போட்டேன். நீங்க அங்க எங்களப் பத்திப் பேசிக்கினு இருப்பீங்களே, இதையும் அவங்ககிட்ட சொல்லிடுவீங்கன்னு தான் கூப்பிட்டுக்கினே இருந்தேன்."

அப்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க செருப்பு கூட இல்லாம ஓடி வந்து நின்னீங்க. எப்படி மேடம் சொல்றது?"

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன், அவள் உள்ளே போய்விட்டாள். குழு கேட்ட கேள்விக்கு நான் கொடுக்க வேண்டிய பதிலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் மூன்று தடவை என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். நான் அவளைக் காப்பாற்ற ஓடியிருக்கிறேன்.